விளக்கேற்றுபவனைக் காணோம்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். அவளுக்குப் பத்து வயது, பெங்களூரில் படிக்கிறாள். "தாத்தா, நீங்க எப்பவும் சொல்வீங்களே, அந்தக் குட்டி இளவரசன், அது படமா இருக்கு" என்று அவளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 2015இல் வந்த படம். நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்ததுதான். அதைச் சொல்லி அவள் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

படத்தின் பின்பாதியில் ஓர் அலுவலக நகரம் வருகிறது. சாம்பல் நிறக் கட்டடங்கள், சாம்பல் நிற உடைகள், சிரிக்காத முகங்கள். எல்லோரும் எதையோ எண்ணிக்கொண்டும் எங்கேயோ விரைந்துகொண்டும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பேத்தி கேட்டாள்: "நீங்களும் இந்த மாதிரி ஆபீஸ்லதான் வேலை பாத்தீங்களா தாத்தா?"

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "கிட்டத்தட்ட" என்று சொல்லி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. இந்தப் படத்தின் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கலுக்கு என்ன காரணம் என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. 1900இல் லியோன் நகரில் பிறந்தவர், தொழில் விமானம் ஓட்டுவது. ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு நியூயார்க்கில் தங்கியிருந்த நாட்களில் இதை எழுதி, படங்களையும் அவரே வரைந்தார். 1943 ஏப்ரலில் அங்கேயே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளிவந்தது. அவருடைய சொந்த நாட்டில் வந்தது 1946இல். அதற்குள் ஆசிரியர் இல்லை. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து எதிரிப் பகுதியைப் படம் பிடிக்கத் தனியாகப் பறந்தவர் திரும்பவே இல்லை. விமானத்தின் உடைசல்கள் மார்செய் நகருக்கு அருகே கடலடியில் கிடந்தது 2000இல்தான் தெரிந்தது. தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்ததை க்ரியா வெளியிட்டிருக்கிறது. பிரெஞ்சு தெரியாத நண்பர்களுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் நான் சிபாரிசு செய்வது.

கதை சின்னது. பாலைவனத்தில் விமானம் பழுதாகி இறங்கிய ஒருவன் முன்னால் ஒரு சிறுவன் வந்து நின்று, ஆடு வரைந்து கொடு என்கிறான். அவன் வேறொரு குட்டிக் கிரகத்திலிருந்து வந்தவன். அங்கே அவனுக்கு ஒரு ரோஜா. அதோடு மனஸ்தாபப்பட்டுக் கிளம்பிவிட்டான். பூமிக்கு வரும் வழியில் ஆறு கிரகங்களில் ஆறு பேரைப் பார்க்கிறான். அரசன், தற்பெருமைக்காரன், குடிகாரன், வியாபாரி, தெருவிளக்கு ஏற்றுபவன், புவியியலாளன். பூமியில் ஒரு நரி, ஒரு பாம்பு. நரி சொல்லும் வாசகத்தைக் காபிக் கோப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அச்சடித்துவிட்டார்கள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எனக்கு அந்தப் புத்தகம் அறிமுகமானது நரி மூலமாக அல்ல, விளக்கேற்றுபவன் மூலமாக. அதுவும் திக்தே வகுப்பில்.

1963ஆம் ஆண்டு. பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து ஒரு வருடம்கூட நிறைந்ததோ நிறையவில்லையோ. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களுக்குத் திக்தே என்றாலே வயிற்றைக் கலக்கும். வாத்தியார் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும். இருபது மதிப்பெண். ஓர் இலக்கணப் பிழைக்கு நான்கு போய்விடும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம், அதற்குக் கீழே போக வழியில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அன்றைக்கு எங்கள் முசியே எடுத்துக்கொண்டது விளக்கேற்றுபவன் வரும் அத்தியாயம். தெருவிளக்குக்குப் பிரெஞ்சில் 'ரெவெர்பேர்' என்பார்கள். அந்த ஒரே சொல்லில் ஓர் எழுத்தின் மேல் கோடு வலப்பக்கம் சாயும், இன்னொன்றின் மேல் இடப்பக்கம் சாயும். வகுப்பில் பாதிப்பேர் அதில் விழுந்தோம். விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்ட கூட்டம் என்று முசியே எங்களைச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பூஜ்யம். வீட்டுக்குப் போய் அந்தப் பத்தியை இருபது தடவை எழுதினேன். இருபது தடவை எழுதினால் எதுவும் மனதில் தங்கிவிடும்.

அந்த அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான். ஐந்தாவது கிரகம், எல்லாவற்றையும்விடச் சின்னது. ஒரு விளக்குக் கம்பம், ஓர் ஆள், இரண்டுக்குமே இடம் சரியாக இருக்கும். மாலையில் விளக்கை ஏற்ற வேண்டும், காலையில் அணைக்க வேண்டும், அவனுக்கு இடப்பட்ட உத்தரவு அது. ஆரம்பத்தில் பகலில் ஓய்வும் இரவில் தூக்கமும் இருந்தன. ஆனால் கிரகம் வருடத்துக்கு வருடம் வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. இப்போது ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்று. உத்தரவு மட்டும் மாறவில்லை. ஏற்றுகிறான், அணைக்கிறான், ஏற்றுகிறான், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறான். அதுவரை பார்த்த மற்ற நான்கு பேரும் இவனைக் கேலி செய்வார்கள் என்று இளவரசனுக்குத் தெரியும். இருந்தாலும் தன்னைத் தவிர வேறொன்றைக் கவனித்துக்கொள்ளும் ஆள் இவன் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றுகிறது. சிநேகம் கொள்ள ஆசைப்பட்டது அந்த ஆறு பேரில் இவனிடம் மட்டுமே. கிரகம் போதாது, இரண்டு பேருக்கு இடமில்லை, போய்விடுகிறான்.

அந்த வேகத்தில் சுற்றினால் 24 மணி நேரத்தில் 1440 முறை சூரியன் மறையும். சூரிய அஸ்தமனத்தில் பித்துக்கொண்ட இளவரசனுக்கு அதுவும் ஓர் ஏக்கம். தன் சொந்தக் கிரகத்தில் அவன் ஒரே நாளில் பார்த்த அஸ்தமனங்கள் பிரான்சில் வந்த பழைய பதிப்புகளில் 43, பிந்தைய பதிப்புகளில் 44. பதிவேடுகளைச் சரிபார்த்தே காலம் கழித்தவனுக்கு இந்த மாதிரி விஷயம்தான் முதலில் கண்ணில் படும், மன்னிக்க வேண்டும். அமெரிக்காவில் வந்த முதல் பதிப்பில் இருந்தது 44.

விளக்கேற்றுபவன் எங்கிருந்து வந்தான் என்று நான் யோசித்ததுண்டு. செந்த்-எக்சுபெரி வெறும் விமானி இல்லை, தபால் விமானி. 1926இல் துலூஸ் நகரில் இருந்த தபால் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து காசாபிளாங்கா வழியாக தக்கார் வரைக்கும் கடிதப் பைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. சகாராவின் ஓரத்தில் ஜூபி முனை என்ற இடத்தில் நிலையப் பொறுப்பாளராகவும் இருந்திருக்கிறார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், வாரம் ஒருமுறை தபால். 1931இல் அவர் எழுதிய 'இரவு விமானம்' என்ற நாவலில் ஒரு விமானி புயலில் தொலைந்துபோகிறான். அப்படியும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அடுத்த தபால் விமானத்தை மேலதிகாரி நிறுத்துவதில்லை. அது சரியா தவறா என்று நாவல் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. உத்தரவு என்றால் என்ன, அதற்கு என்ன விலை என்று கணக்குப் பார்த்த மனிதர் அவர். விளக்கேற்றுபவன் தன் வேலைக்குக் காரணமாகச் சொல்லும் பிரெஞ்சுச் சொல் 'கோன்சீஞ்'. பட்டாளத்திலும் ரயில்வேயிலும் அலுவலகத்திலும் புழங்கும் சொல். நம் ஊரில் சர்க்குலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைச் செந்த்-எக்சுபெரி எந்த இளக்காரமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

இப்போது படங்களுக்கு வருகிறேன்.

புத்தகம் வந்த 1943லேயே ஆர்சன் வெல்ஸ் அதைப் படமாக்க ஆசைப்பட்டுத் திரைக்கதையும் எழுதினார். வால்ட் டிஸ்னியைக் கூட்டுச் சேர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. சோவியத் காலத்து லித்துவேனியாவில் 1966இல் ஒரு படம் எடுத்தார்கள். ஹாலிவுட் படம் 1974இல் வந்தது. 'சிங்கிங் இன் தி ரெயின்' எடுத்த இருவரில் ஒருவரான ஸ்டான்லி டோனென் இயக்கம், 'மை ஃபேர் லேடி' பாடல்களைச் செய்த லெர்னர், லோ ஜோடியின் பாட்டுகள். எண்பதுகளில் ஒரு நண்பர் வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தேன். துனிசியாவில் போய் எடுத்த பாலைவனம் அழகு. பாம்பாக பாப் ஃபாஸி கறுப்பு உடையில் ஆடும் ஆட்டத்துக்காகவே ஒருமுறை பார்க்கலாம். நரியாக ஜீன் வைல்டர், கோட்டு சூட்டு போட்ட மனித நரி. அந்தக் காலத்தில் படம் ஓடவில்லை. பாட்டெழுதிய லெர்னரே இயக்குநர் தன் பாட்டுகளின் தாளகதியைக் கெடுத்துவிட்டார் என்று பின்னால் எழுதிவைத்தார்.

அந்தப் படத்தில் விளக்கேற்றுபவன் இல்லை. குடிகாரனும் இல்லை. அரசனும் வியாபாரியும் இருக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு ராணுவ ஜெனரலும் ஒரு சரித்திர ஆசிரியரும் புதிதாக முளைத்திருக்கிறார்கள். வியட்நாம் போர் நடந்த காலம், ஜெனரல் நுழைந்ததில் ஆச்சரியமில்லை. அவருக்கு இடம் விட வேண்டுமென்றால் யாராவது எழுந்திருக்க வேண்டும். எழுந்தது நம் ஆள். அப்போது எனக்குச் சின்ன ஏமாற்றம், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் எப்படி வைக்க முடியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேத்தியோடு பார்த்த 2015 படம் வேறு ரகம். 'குங்ஃபூ பாண்டா'வை இயக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆஸ்போர்ன் செய்தது. முதலில் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். பிரான்சில் நன்றாக ஓடி, சிறந்த அனிமேஷன் படத்துக்கான செசார் விருதும் வாங்கியது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2016 மார்ச்சில் வர ஒரு வாரம் இருக்கும்போது பாரமவுண்ட் நிறுவனம் கைகழுவிவிட்டது. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் போட்டார்கள். 1974 படத்தை வெளியிட்டதும் இதே பாரமவுண்ட்தான். இந்தப் புத்தகத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் ராசியில்லை போலும்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் கதை வரும் இடங்களை மட்டும் காகிதத்தில் செய்த பொம்மைகளைப் போல, கையால் நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சிகளில் ஆசிரியரின் நீர்வண்ணப் படங்கள் எழுந்து நடப்பதுபோல இருக்கிறது. நான் வாய்விட்டு 'ஆகா' என்றேன். அதைச் சுற்றி ஒரு புதுக் கதை. ஒரு சிறுமி. அவள் அம்மா மகளின் வாழ்க்கையை நிமிடக் கணக்கில் பலகையில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், பழைய விமானி, பழைய விமானம். அவர் இந்தக் கதையைப் பக்கம் பக்கமாக அவளுக்குக் கொடுக்கிறார். பெரியவர்களின் கலகலத்துப் போன வீட்டையும், கையெழுத்துக் காகிதத்தை ராக்கெட் மடித்துப் பக்கத்து வீட்டுக்கு எறிவதையும் பார்த்தபோது எழுபதைத் தாண்டிய எனக்குத் தொண்டை அடைத்தது. சிறுமி சேர வேண்டிய பள்ளிக்கு வெர்த் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை ஆசிரியர் காணிக்கையாக்கியது லெயோன் வெர்த் என்ற நண்பருக்கு. படித்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், மேலோட்டமான ஆட்கள் இல்லை.

அதனால்தான் பின்பாதி உறுத்துகிறது. கிழவர் நோயில் விழுகிறார். சிறுமி அவருடைய விமானத்தை ஓட்டிக்கொண்டு இளவரசனைத் தேடிப் போகிறாள். அங்கிருந்து படம் புத்தகத்தை விட்டு விலகி, அதன் இரண்டாம் பாகமாக ஆகிவிடுகிறது. இளவரசன் வளர்ந்து வாலிபனாகி, எல்லாவற்றையும் மறந்து, வியாபாரியின் நகரத்தில் பயந்து பயந்து துப்புரவு வேலை பார்க்கிறான். அரசன் அங்கே லிஃப்ட் ஆள், தற்பெருமைக்காரன் போலீஸ். நட்சத்திரங்களை எல்லாம் வியாபாரி பிடித்துப் பூட்டி வைத்திருக்கிறான். தேவையற்றவை என்று அவன் முடிவு செய்த பொருட்களை இயந்திரத்தில் போட்டுப் பேப்பர் கிளிப் ஆக்குகிறான். (எங்கள் அலுவலகத்தில் கிளிப்பைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். துளை போட்டு டேக் கோத்ததுதான்.) சிறுமி வியாபாரியை முறியடிக்கிறாள். நட்சத்திரங்கள் விடுதலை. இளவரசன் மறுபடி சிறுவனாகிறான்.

புத்தகத்தில் வரும் வியாபாரி 50 கோடியே 16 லட்சத்து 22 ஆயிரத்து 731 நட்சத்திரங்களை எண்ணி எழுதி வைத்திருப்பான். ஒன்றைக்கூட அவனால் தொட முடியாது. எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேசை அறையில் வைத்துப் பூட்டுவதுதான் அவனுடைய உடைமை. பரிதாபமான ஆள். அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. படத்திலோ அவன் வில்லன். நிஜமாகவே நட்சத்திரங்களைப் பிடித்து அடைத்துவிட்டான். ஏன்? அறுபது நிமிடம் துரத்துவதற்கு ஒரு வில்லன் வேண்டும், அவ்வளவுதான். வில்லன் வந்துவிட்டால் அவனிடமிருந்து மீட்கப்பட யாராவது வேண்டும், ஆகவே இளவரசன் மீட்கப்படுகிறவன் ஆகிறான். புத்தகத்தில் அவன் யாராலும் மீட்கப்படவில்லை. தன் ரோஜாவுக்குத் தான் பொறுப்பு என்று தானாகவே உணர்ந்து, என்ன விலை ஆனாலும் சரி என்று கிளம்புகிறான்.

இந்தப் படத்திலும் விளக்கேற்றுபவன் இல்லை. அரசன், தற்பெருமைக்காரன், வியாபாரி என்று மூன்று கிரகங்களோடு நிறுத்திவிட்டார்கள்.

நாற்பது வருட இடைவெளியில், இரு வேறு நாட்டுக்காரர்கள், இரு வேறு விதமாக எடுத்த இரண்டு படங்களிலும் அதே ஆள் காணாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அரசனைக் கேலி செய்யலாம். வியாபாரியை வெறுக்கலாம். விளக்கேற்றுபவனை என்ன செய்வது? வில்லனாக்க முடியாது, அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. கதாநாயகனாக்க முடியாது, கம்பத்தை விட்டு அவன் நகர முடியாது. காப்பாற்றலாம் என்றால் யாரிடமிருந்து? உத்தரவு போட்டவர் யாரென்று புத்தகத்திலேயே இல்லை. கிரகம் வேகமெடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. அவனுடைய கஷ்டத்துக்குப் பின்னால் ஒரு முகம் இல்லை, முகம் இல்லாததைச் சினிமா துரத்த முடியாது. அதனால் அவனை எடுத்துவிட்டார்கள். அவன் போனதும் வேலைக்குப் போகும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே சாம்பல் சட்டைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பேத்தி கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு இதில் சொந்த வழக்கும் ஒன்று உண்டு.

எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அதில் ஒன்பது வருடம் ஓர் அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் படிக்க ஆள் குறைந்துகொண்டு வந்த நேரம் என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். அந்தப் பதிவேடுகளில் நம் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். முருகன் என்ற பெயருக்குப் பிரெஞ்சில் பத்து எழுத்து, ஆங்கிலத்தில் ஏழு. ரேஷன் கார்டு முதலிய பிற்காலத்துக் காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். இரண்டும் ஒரே பெயர் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பழைய உத்தரவு. எல்லாக் காகிதமும் பிரெஞ்சில் இருந்த காலத்தில் அது நியாயமான உத்தரவுதான். அதன் பிறகு கிரகம் வேகமாகச் சுற்றிவிட்டது. உத்தரவு மாறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வயதான அம்மா வந்தார். கிராமம். கணவரின் இறப்புப் பதிவின் நகல் வேண்டும். பதிவு இருந்தது, நானே தேடி எடுத்தேன். பெயரில் மூன்று எழுத்து வித்தியாசம். "உத்தரவு அப்படிம்மா, நான் என்ன செய்ய?" என்றேன். முதல் தடவை பத்திரம் எழுத எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் தடவை அவர் கொண்டுவந்த பத்திரத்தில் எழுதியவரே ஒரு பெயரைத் தப்பாக எழுதியிருந்தார், திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை அவர் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, விண்ணப்பதாரர் திரும்பவில்லை, கோப்பு முடிக்கப்பட்டது என்று என் கையெழுத்தில் எழுதி, டேக் கட்டி அலமாரியில் வைத்தேன். அந்த நகல் அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை.

பிறகு நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். பிரெஞ்சு, ஆங்கில எழுத்துக்கூட்டல் வித்தியாசத்தை மட்டும் பிரிவு எழுத்தரே சான்றளிக்கலாம் என்று யோசனை. இரண்டு வருடத்துக்குப் பின் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. என் குறிப்பால்தான் என்று மார்தட்டமாட்டேன், நாலைந்து பேர் எழுதியிருக்கலாம். அந்த அம்மாவின் கோப்பைத் தேடி எடுத்து, முகவரிக்குக் கடிதம் போட்டேன். அங்கே அப்படி யாரும் இல்லை என்று தபால் திரும்பியது.

அதனால் விளக்கேற்றுபவனைத் தியாகி என்று நான் கொண்டாட வரவில்லை. அவனிடம் பிசகும் இருக்கிறது. கிரகம் மாறியதை அறிந்தும் உத்தரவைக் கேள்வி கேட்காதவன். புத்தகம் அவனைக் கண்டு சிரிக்கவும் செய்கிறது, அவன்மேல் பிரியமும் வைக்கிறது, இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்கிறது. ஒரு குழந்தைக்கு அந்தப் பக்கம் வேண்டும். அலுவலகம் போகிறவன் எல்லாம் நட்சத்திரத் திருடன் என்று சொல்லிக் கொடுத்தால் அது நாளைக்குத் தானே ஒரு நாற்காலியில் உட்காரும்போது என்ன செய்யும்?

இரண்டாம் பாகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்துக்கு முன்பே புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன. கனடாக்காரரான தவீத்ஸ் 1997இல் ஒரு தீவில் கரையேறியவன் முன்னால் இளவரசனை மறுபடி வரவழைத்தார். அர்ஜென்டினாவின் ரோமர்ஸ் அவனை இளைஞனாக்கி, பட்டகோனியா சாலையில் காரில் ஏற்றிக்கொண்டார். தொலைக்காட்சியில் 1978இல் ஜப்பானியர்கள் 39 பகுதி போட்டார்கள். 2010இல் பிரெஞ்சுக்காரர்களே அவனைக் கிரகம் கிரகமாகப் போய் ஆபத்தை முறியடிக்கும் வீரனாக்கினார்கள். ஆசிரியர் இறந்து எழுபது வருடம் ஆனதால் 2015 முதல் பல நாடுகளில் காப்புரிமை கிடையாது. பிரான்சில் மட்டும், நாட்டுக்காக உயிர்விட்டவர் என்ற கணக்கில் கூடுதல் வருடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இன்னும் வரும்.

அவர்களை நான் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவன் திரும்பி வந்தால் எனக்கு எழுதுங்கள் என்று ஆசிரியரே கடைசிப் பக்கத்தில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அவர் வாயைத் திறக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஆட்டின் வாய்க்கூட்டுக்கு வார் வரைய மறந்துவிட்டார். ஆடு ரோஜாவைத் தின்றதா இல்லையா? அது தெரியாமல் வானத்தைப் பார்ப்பதுதான் அந்தப் புத்தகம் நமக்குக் கொடுக்கும் வேலை. 2015 படம் பதில் சொல்லிவிடுகிறது. ரோஜா பட்டுப்போய் உதிர்கிறது, பிறகு சூரிய உதயத்தின் நிறத்தில் இளவரசன் அதைக் காண்கிறான். அழகான காட்சி, பேத்தி அழுதாள். ஆனால் இனி அவள் வானத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. நான் அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படம் செய்த நன்மையையும் மறைக்கக் கூடாது. மறுநாள் காலை அவளே "அந்த புக் இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். அட்டை போன என் பிரெஞ்சுப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் வாசிக்க, அவள் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவது கிரகம் வந்ததும், "இவர் படத்துல வரலையே" என்றாள்.

"வரலை."

முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "இவருக்கு லீவே கிடையாதா?"

"கிடையாது கண்ணு."

"அப்ப இன்னொருத்தரை வேலைக்கு எடுக்கலாமே. ஒருத்தர் ஏத்தட்டும், ஒருத்தர் அணைக்கட்டும். இவரு தூங்கலாம்ல?"

அந்தக் கிரகத்தில் இரண்டு பேர் நிற்க இடமில்லை என்றேன். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, படத்தை விரலால் அளந்து பார்த்தாள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றாள். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. இருக்கலாம்.